மேசையில் ஒரே ஒரு டப்பா! - பின்லாந்தின் தோட்டா ஊரில் இரண்டு நாள்

"ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வரச் சொல்கிறார் அப்பா" என்றார் நண்பர்.

வெளியே ஐந்து டிகிரி குளிர். நான் போட்டிருந்தது நல்ல கதகதப்பான ஃப்ளீஸ் ஜாக்கெட். அதை ஏன் கழற்ற வேண்டும் என்று புரியாமல் அறை வாசலிலேயே நின்றேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் ஆணியில் தொங்கிய ஒரு பழைய சட்டையை எடுத்து நீட்டினார். கட்டம் போட்ட, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன சட்டை.

"பருத்தி" என்றார் நண்பர். "இந்த அறைக்குள் நைலான், பாலியெஸ்டர் எதுவும் வரக்கூடாது. உரசினால் நிலைமின்சாரம் வரும். உள்ளே வெடிமருந்து இருக்கிறது."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. குளிரால் அல்ல. இதே விதியை எட்டு வயதில் கேட்டிருக்கிறேன், சிவகாசிக்குப் பக்கத்தில், என் பெரியம்மாவின் வாயிலிருந்து. "மருந்து ரூமுக்குள்ள நைலக்ஸ் சேல கட்டிட்டு வந்தா போர்மேன் வெளிய அனுப்பிருவாரு. நூல் சேலதான்" என்பார். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே அதிகம் தெரியாத ஒரு விவசாயி அதையே என்னிடம் சொல்கிறார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காடு விலகி வயல் வந்தது

தம்பெரே நகரில் கணினி வேலை பார்க்கிறேன். கூட வேலை பார்க்கும் பின்லாந்து நண்பருக்கு, நான் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்ததும், பாயின்ட் டூ டூ ரைஃபிளில் 25 கஜத்தில் சுட்டதும் தெரியும். மதியச் சாப்பாட்டு மேசையில் எப்போதோ பீற்றிக்கொண்டது. "செப்டம்பர் கடைசியில் ஊருக்குப் போகிறேன். வேட்டைக் காலம் தொடங்கப் போகிறது. அப்பா தோட்டா செய்வார், ஊர்க்காரர்களோடு சுடப் போவார். வருகிறீர்களா?" என்று கேட்டார். பின்லாந்துக்காரர்கள் சும்மா ஒப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் நிஜமாகவே கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். கிளம்பிவிட்டேன்.

வடமேற்கே இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். வழிநெடுகக் காடுதான். பைன், ஸ்புரூஸ், நடுவே மஞ்சளாகப் பழுத்து நிற்கும் பிர்ச் மரங்கள். சாலையோரம் முக்கோணப் பலகையில் கறுப்பாக ஒரு பெரிய மான் உருவம். 'மூஸ் குறுக்கே வரலாம், ஜாக்கிரதை' என்று பொருள். வளர்ந்த ஆண் மூஸ் அரை டன் எடை வரை வரும். கால்கள் நீளம் என்பதால் கார் மோதினால் உடம்பு அப்படியே கண்ணாடியைப் பிளந்துகொண்டு மடியில் வந்து விழும். இந்த நாட்டில் மூஸ் வேட்டை ஏன் ஆண்டுதோறும் அரசாங்கக் கணக்கோடு நடக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்னயோகி நகரை நெருங்கும்போது காடு சட்டென விலகுகிறது. பார்க்கும் தூரம் வரை தட்டையான வயல். அறுவடை முடிந்த தாளடிகள், நடுநடுவே சாம்பல் நிறத்தில் சாய்ந்து நிற்கும் பழைய மரக் களஞ்சியங்கள். தெற்கு ஒஸ்ட்ரோபோத்னியா என்ற மாகாணம் இது. நம் கரிசல்காட்டு ஆள் யாரைக் கொண்டுவந்து விட்டாலும், "நம்ம பக்கம் மாதிரில்ல இருக்கு!" என்பார்; மண்ணின் நிறத்தை மட்டும் கண்டுகொள்ளக் கூடாது.

அங்கிருந்து இன்னும் அரை மணி நேரம்கூட ஆகாது, லபுவா. பதினாலாயிரம் பேர் வாழும் சிறு நகரம். நடுவே ஓர் ஆறு, ஒரு பேராலயம். நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் உலகில் ரைஃபிள் சுடுகிற யாரிடம் கேட்டாலும் இந்தப் பெயர் தெரியும். 1923-ல் இங்கே அரசாங்கத் தோட்டாத் தொழிற்சாலை தொடங்கியது. இன்றும் இந்த ஊர்ப் பெயர் பொறித்த பித்தளைக் கூடுகளை, துல்லியமாகச் சுட விரும்புகிறவர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். சிவகாசி என்றால் பட்டாசு. லபுவா என்றால் தோட்டா.

'பழைய டமால்'

வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நண்பர் என்னை ஆற்றங்கரையோரம் ஒரு செங்கல் கட்டடத் தொகுதிக்கு அழைத்துப் போனார். உள்ளே நூலகம், ஓவியக்கூடம். குழந்தைகள் கதைப் புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் 'வன்ஹா பௌக்கு'. வன்ஹா என்றால் பழைய. பௌக்கு என்றால் வெடிச் சத்தம். நாம் 'டமால்' என்போமே, அது.

"இதுதான் பழைய தோட்டாத் தொழிற்சாலை" என்றார் நண்பர்.

1976 ஏப்ரல் 13, செவ்வாய்க்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய வாரம். காலை வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில், தோட்டாக்களில் மருந்து நிரப்பும் பிரிவு வெடித்தது. 40 பேர் இறந்தார்கள். அவர்களில் 35 பேர் பெண்கள். பலர் சிறு குழந்தைகளின் தாய்மார்கள். பின்லாந்து வரலாற்றில் மிக மோசமான தொழிற்சாலை விபத்து அது. விசாரணை நடந்தது. ஆனால் எந்தப் பொறி, எங்கே, எப்படி என்று கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2023-ல் இதை வைத்து 'லபுவா 1976' என்று ஒரு திரைப்படமும் வந்தது.

நூலக வாசலில் நின்றபடி நண்பர் சொன்னார்: "அப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாம். பாட்டியும் இங்கேதான் வேலை பார்த்தார், வேறு கட்டடத்தில். சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்பாவின் வகுப்பில் சில பையன்களின் அம்மாக்கள் வரவே இல்லை."

"பாட்டி அதற்குப் பிறகு?"

"ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். வேறு என்ன செய்வது?"

நான் எதுவும் சொல்லவில்லை. என் பெரியம்மாவும் ஆறு மாதம் கழித்து அதே வேலைக்குத் திரும்பியவர்தான்.

பெரியம்மா பட்டாசு வேலைக்குப் போனவர். மருந்து செலுத்துகிற வேலை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த ஆண்டு தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் அறைக்குள் ஏழு பேர் இருந்தார்கள். எதுவோ உரசியது. வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததால் பெரியம்மா வலது கையோடு தப்பினார். இரண்டு விரல்கள் சுருங்கி உள்ளங்கையோடு ஒட்டிவிட்டன. கூட இருந்த இரண்டு பேர் பிழைக்கவில்லை. நான் இன்ஜினீயரிங் முதல் வருடக் கட்டணம் கட்டியது அந்தக் கை சம்பாதித்த காசில்.

2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்து உங்களுக்கும் நினைவிருக்கலாம். கிட்டத்தட்ட 40 பேர். அந்த எண்ணை லபுவாவில் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான்.

மருந்து செலுத்தும் மேசை

இப்போது அந்தப் பருத்திச் சட்டைக்கு வருவோம்.

பெரியவரின் அறை ஒரு சின்ன சமையலறை அளவுதான். மரத்தரை. கனமான ஒரு மர மேசை. அதில் திருகிப் பொருத்திய, கரும்புச்சாறு இயந்திரத்தின் கைப்பிடி போல நீண்ட கைப்பிடி கொண்ட ஓர் இரும்பு அழுத்தி. ஒரு தராசு. சுவரில் கையெழுத்து நோட்டுகள், இருபதாவது இருக்கும். மூலையில் பூட்டிய இரும்பு அலமாரி. துப்பாக்கிகள் அதற்குள்.

ஒரு முறை சுட்ட தோட்டாவில் வீணாகிப் போவது மூன்று பொருள்கள்தான்: முனையில் இருந்த குண்டு, உள்ளே இருந்த மருந்து, அடியில் இருக்கும் ப்ரைமர். ப்ரைமர் என்பது நம் பிள்ளைகளின் தீபாவளித் துப்பாக்கியில் வைக்கும் பொட்டு வெடி மாதிரி. ஊசி இடித்ததும் அதுதான் பொறியைத் தரும். இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் பித்தளைக் கூடு அப்படியே மிஞ்சும். தோட்டாவில் விலை அதிகமான பாகமும் அதுதான். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, புது ப்ரைமர் வைத்து, மருந்து செலுத்தி, புதுக் குண்டு பொருத்தினால் மறுபடியும் தோட்டா. நல்ல கூட்டைப் பல முறை இப்படிப் பயன்படுத்தலாம். சொந்தத் துப்பாக்கிக்கு, சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்துகொள்ள பின்லாந்தில் அனுமதி உண்டு.

"காசு மிச்சமா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். மிச்சமாகும் காசுக்கு இன்னும் அதிகம் சுட்டுவிடுவார்களாம். உண்மையான காரணம் இரண்டு என்றார். ஒன்று, ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஒரு ருசி உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இதற்குப் பிடித்த தோட்டா அதற்குப் பிடிக்காது. அந்த ருசியைக் கண்டுபிடிக்கக் கடைத் தோட்டா போதாது. இரண்டாவது காரணம், டிசம்பர். இங்கே டிசம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும். அவ்வளவு நீண்ட இரவை என்ன செய்வது?

கூடுகளை நான்தான் அழுத்தினேன். கைப்பிடியை இறக்கும்போது பழைய ப்ரைமர் 'டக்'கென்று கீழே விழும். பிறகு ஒவ்வொன்றின் நீளத்தையும் வெர்னியர் காலிப்பரில் அளந்து, நீண்டிருந்தால் சீவ வேண்டும். இருபது கூட்டுக்கு ஒன்றரை மணி நேரம். பெரியவர் என்னை அவசரப்படுத்தவே இல்லை. இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். கழுத்துப் பக்கம் மயிரிழை போல ஒரு கீறல். எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. அவர் நகத்தால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். இடுக்கியால் நெரித்துக் குப்பையில் போட்டார், தப்பித் தவறிக்கூட யாரும் மறுபடி எடுத்துவிடக் கூடாதென்று. அவற்றுக்குப் பதில் வேறு இரண்டு கொடுத்தார்.

மருந்து டப்பாவை அதற்குப் பிறகுதான் அலமாரியிலிருந்து எடுத்தார். ஒரே ஒரு டப்பா. விஹ்டவுவோரி என்ற ஊரில் செய்தது. அதுவும் பின்லாந்தின் நடுப்பகுதியில், மருந்துத் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர்தான். உள்ளே சாம்பல் கறுப்பில் குச்சி குச்சியாக, பென்சில் முனையை நறுக்கிப் போட்டது போல இருந்தது.

"மேசையில் எப்போதும் ஒரே டப்பா" என்றார். "இரண்டு டப்பா திறந்திருந்தால் ஒருநாள் கை மாறும்."

இது நம் பட்டாசுக் கருமருந்து அல்ல. அது பொறி பட்டால் அப்படியே வெடிக்கும். பேன்சி ரகங்களின் மருந்து உரசினாலே போதும். இந்தப் புகையில்லா மருந்து வெட்டவெளியில் பற்றினால் வேகமாக எரிந்து போகும், அவ்வளவுதான். ஆனால் பித்தளைக் கூட்டுக்குள் அடைத்துக் குழலுக்குள் பற்றவைத்தால் கதையே வேறு. கார் டயரில் இரண்டரை 'பார்' அழுத்தம் இருக்கும். ரைஃபிள் குழலுக்குள் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்துக்கு மூவாயிரம் பாருக்கும் மேலே போகும். அதுவும் நம் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில். அதனால் எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்பதை மருந்துக் கம்பெனி போட்ட அட்டவணையில் பார்த்துத்தான் தொடங்க வேண்டும், அதுவும் குறைந்த அளவிலிருந்து. சொந்த மூளை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, இரண்டும் செல்லாது.

அளவை 'கிரெயின்' என்கிறார்கள். பழைய காலத்துத் தானிய மணி எடை. நம் பத்தர்கள் பொன் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும். பெரியவரின் தராசு ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். ஆறரை மில்லிகிராம்! ஒரு குச்சி மருந்து கூடினால் முள் அசைகிறது. நகைக்கடையில்கூட இவ்வளவு கவனமாக யாரும் நிறுத்து நான் பார்த்ததில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடுகள் மரப்பலகைக் குழிகளில் நிறைந்துகொண்டே வந்தன. பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ, என் கால்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். மறந்துவிட்டேன். பெரியம்மாவின் வீடியோ கால். ஊரில் இரவு ஒன்பது மணி, தூங்கப் போகுமுன் கூப்பிடுவார். கட் செய்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். கையில் மருந்துக் கிண்ணம். எந்தக் கூட்டில் போட வேண்டும்? இதிலா, ஏற்கெனவே போட்டுவிட்டேனா?

"இதுதான் என்று நினைக்கிறேன்" என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. பலகையைத் தன் பக்கம் இழுத்தார். முதல் கூட்டை எடுத்தார், கவிழ்த்தார், மருந்தை டப்பாவுக்குள் கொட்டினார். இரண்டாவது. மூன்றாவது. எல்லாவற்றையும் காலி செய்தார். பலகையைத் துடைத்தார். என்னிடம் திருப்பி நகர்த்தினார்.

"ஒன்று" என்றார். ஆங்கிலத்தில் அவர் அன்று பேசிய மிகச் சில சொற்களில் அது ஒன்று.

முதலிலிருந்து தொடங்கினேன். போன் வராந்தா அலமாரிக்குப் போயிற்று. இருபதும் முடிந்ததும் அவர் கைவிளக்கை அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று. பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு பேர் பார்த்த பிறகுதான் குண்டு. டப்பா மூடி அலமாரிக்குப் போனது. நோட்டில் தேதி, கூடு, குண்டு, மருந்து, அளவு, கடைசியில் என் பெயர். என் பெயரை இரண்டு முறை உச்சரித்துப் பார்த்துவிட்டு எழுதினார்.

நாய்க்காதுத் துப்பாக்கி

மறுநாள் பிற்பகல் ஊர் வேட்டைச் சங்கத்தின் சுடுதளம். காட்டுக்குள் நீளமாக ஒரு வெட்டவெளி, முடிவில் உயரமான மண்மேடு, கொடிக்கம்பத்தில் சிவப்புக் கொடி. ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு பள்ளி ஆசிரியர், டிராக்டர் மெக்கானிக், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். யாரும் யாரையும் 'சார்' போட்டுக் கூப்பிடவில்லை. பேச்சும் அதிகமில்லை. பின்லாந்தில் மௌனம் என்பது மரியாதைக் குறைவல்ல என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

மூஸ் வேட்டைக்குப் போகிறவர் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். 75 மீட்டரில் மூஸ் படம். அதில் 23 சென்டிமீட்டர் வட்டம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. நான்கு தோட்டா, ஒன்றரை நிமிடம். நான்கும் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் மூன்று ஆண்டுக்குச் செல்லும். விலங்கு துடிக்காமல் சாக வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும்.

பலருடைய துப்பாக்கி முனையிலும் சைலன்சர். நம் சினிமாவில் வில்லனின் கூலிப்படைதான் அதை மாட்டும். இங்கே அது தடையில்லாமல் கடையில் கிடைக்கிறது. காதுக்கும், வேட்டை நாய்க்கும், பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் செய்யும் மரியாதை என்கிறார்கள். அப்படியும் எல்லோர் காதிலும் கவசம் இருந்தது.

எனக்காகப் பெரியவர் கொண்டுவந்தது வேட்டைத் துப்பாக்கி அல்ல, அவருடைய பாட்டனார் காலத்து ரைஃபிள். 'பிஸ்டிகோர்வா' என்று செல்லப் பெயர். நிமிர்ந்த காதுகள் கொண்ட ஸ்பிட்ஸ் நாய். முனையில் குறிப்பார்வைக் கம்பிக்கு இருபுறமும் காப்பாக நிற்கும் இரண்டு தகடுகள், அசல் நாய்க்காது மாதிரியே இருக்கும். 1939-40 குளிர்காலப் போரில் ரஷ்யப் படைகளுக்கு எதிராகக் குறிபார்த்துச் சுட்ட சிமோ ஹாய்ஹா பயன்படுத்தியது இந்த ரகம்தான், தொலைநோக்கி மாட்டாமல். அவரும் ஒரு விவசாயி. போர் முடிந்ததும் நாய் வளர்த்து, மூஸ் வேட்டையாடி, 96 வயது வரை வாழ்ந்து 2002-ல் இறந்தார்.

படுத்துக்கொண்டேன். என்.சி.சி. ஹவில்தாரின் குரல் இருபது வருடம் கழித்துக் காதில் கேட்டது. மூச்சை இழு, பாதி விடு, நிறுத்து. நான் நிறுத்து, நான் மூடிய தோட்டா. ஒரு கணம் பெரியம்மாவின் கை ஞாபகம் வந்தது. விரல் தயங்கியது. பெரியவர் அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருபதையும் இரண்டு பேரும் பார்த்தோம் அல்லவா என்று எனக்குள் சொல்லிக்கொண்டு விசையை அழுத்தினேன்.

தோளில் ஒரு கழுதை உதைத்தது. ஆனால் வெடித்தது எதுவோ அது சரியாகத்தான் வெடித்தது.

நான்கில் மூன்று வட்டத்துக்குள். ஒன்று மூஸின் வயிற்றில். "இது தேறாது" என்றார் நர்ஸ், என் தோளைத் தட்டி. "அந்த மூஸை ராத்திரி முழுக்கக் காட்டில் தேட வேண்டியிருக்கும்." அவர் தன் நான்கையும் ஒரு தேங்காய்மூடிக்குள் அடங்கும்படி வைத்திருந்தார்.

பிறகுதான் அந்த மௌனிகள் வாய் திறந்தார்கள். ஆளாளுக்கு நோட்டை எடுத்தார்கள். உன் கூடு எத்தனையாவது முறை? குளிரில் வேகம் குறைந்ததா? குண்டை எவ்வளவு உள்ளே தள்ளினாய்? தறி ஓட்டுகிறவர்கள் நூல் எண்ணைப் பற்றிப் பேசுவது போல ஒரு பேச்சு. கவனித்துப் பார்த்தேன்: நோட்டைக் காட்டினார்கள், ஆலோசனை சொன்னார்கள், சாசேஜைப் பகிர்ந்தார்கள். தான் செய்த தோட்டாவை மட்டும் ஒருவருக்கொருவர் கொடுக்கவில்லை. ஒரு துப்பாக்கிக்கு அளந்து செய்த தோட்டா இன்னொன்றில் ஆபத்தாகலாம். இன்னொருவர் செய்ததைச் சுடுவது என்றால், அவருடைய ஒரு நொடிக் கவனக்குறைவை உங்கள் கன்னத்தில் வைத்துக்கொள்வது. நான் சுட்டது, பெரியவர் கண் முன்னால், அவருடைய துப்பாக்கிக்கென்றே செய்தது. அதனால்தான் அனுமதி.

இந்த மாகாணத்திலேயே காவ்ஹயோகி என்ற ஊர் இருக்கிறது. 2008-ல் ஒரு மாணவன் அங்கே கல்லூரிக்குள் புகுந்து பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்கு முந்தைய ஆண்டு யோகெலாவில் எட்டுப் பேர். அதன்பின் உரிமம் பெறும் சட்டம் கடுமையானது. சுமார் 55 லட்சம் மக்கள் இருக்கும் நாட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் 15 லட்சம். ஒவ்வொன்றுக்கும் போலீஸ் அனுமதி தனித்தனி. "அந்த வாரம் நாங்கள் யாரும் சுடுதளத்துக்கு வரவில்லை" என்றார் பள்ளி ஆசிரியர். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும் முன் எல்லோரும் குனிந்து கூடுகளைப் பொறுக்கினார்கள். தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவில் வெடிக்காத பட்டாசு பொறுக்குவோமே, அதே குனிவு, அதே ஆசை.

ஏலக்காய் ரொட்டியும் ஒரு போன் காலும்

வீட்டில் காபியும் 'புல்லா' என்ற இனிப்பு ரொட்டியும் வைத்திருந்தார் நண்பரின் அம்மா. கடித்ததும் ஏலக்காய் மணம். ஊர் ஞாபகம் வந்து பெரியம்மாவைக் கூப்பிட்டேன்.

முதலில் திட்டு. "நேத்து ஏன் கட் பண்ணுன?" காரணத்தைச் சொன்னேன். தோட்டா, மருந்து, மேசை எல்லாம். எதிர்முனையில் சத்தமே இல்லை. திரையில் பெரியம்மாவின் முகம் அசையாமல் இருந்தது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அவுக வீட்டுல யாராச்சும் இந்த வேலைக்குப் போனாகளா?" என்று கேட்டார்.

பெரியவரின் அம்மா போனதையும், 1976-ஐயும் சொன்னேன். நாற்பது பேர் என்றதும் பெரியம்மா 'உச்' கொட்டினார். "பொம்பளையாளுகளா?" என்றார். ஆமாம் என்றேன்.

பெரியவர் என்ன பேசுகிறோம் என்று நண்பரிடம் கேட்டார். நண்பர் சொன்னார். பெரியவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்த்துத் தலையசைத்தார். பெரியம்மா பதிலுக்கு வணக்கம் வைத்தார். ஒட்டிப்போன விரல்களோடு அந்தக் கை கும்பிட்டபோது பெரியவர் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன துணி போட்டிருந்த?" என்றார் பெரியம்மா என்னிடம்.

"பருத்திச் சட்டை. அவரே கொடுத்தார்."

"ரூமுக்குள்ள எத்தன பேரு இருந்தீக?"

"மூணு பேர். மருந்து எடுக்கும்போது ரெண்டு பேர்தான், நண்பர் வெளியே போயிட்டார்."

"மருந்து மிச்சம்?"

"அன்னைக்கே டப்பாவுல போட்டுப் பூட்டியாச்சு."

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பெரியவரைப் பார்த்து, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையெல்லாம் பொருட்படுத்தாமல் சொன்னார்:

"சரியாத்தான் செய்யுறீக. இவன் கொஞ்சம் வெளயாட்டுப் புள்ள. பாத்துக்கிடுங்க."

நண்பருக்கு மொழிபெயர்த்தேன். அவர் அப்பாவிடம் சொன்னார். பெரியவர் முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தார். உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, என் பெயர் எழுதிய பக்கத்தைத் திறந்து, திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.